அச்சுகுத்தும் நஷ்டபரிகாரமும்: நெய்யாற்றின்கரை – பாறசாலை எல்லைப்பகுதியை முன்வைத்துத் தடுப்பூசி இழப்பீடு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழில் நோய் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அம்மைப் பாடல்கள், மாரியம்மன் வழிபாடு, சித்த மருத்துவ ஏடுகள் ஆகியவற்றைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. நோயைத் தடுக்க வந்த ஊசியும், அவ்வூசியை மக்கள் எதிர்கொண்ட முறையும் ஓரளவு பேசப்பட்டுள்ளன. ஆனால் ஊசியால் கேடுற்றவர் எனச் சிலர் உண்டெனில் அவர்தம் இழப்பை ஈடுசெய்யும் கடமை யாருடையது என்னும் வினா தமிழாய்வாளர் கவனத்தைப் பெறவில்லை. இக்கட்டுரை அவ்வினாவை நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய எல்லைப்பகுதி ஊர்களின் வரலாற்றோடும் வழக்குச் சொற்களோடும் இணைத்துக் காண முற்படுகின்றது.

தடுப்பூசியால் காக்கப்பட்டோர் கோடிக்கணக்கானோர். கேடுற்றோர் மிகச் சிலர். இதில் ஐயமில்லை. பெரியம்மைத் தடுப்பூசி குறித்து 1968-இல் அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்ட கணக்கெடுப்புகளின்படி, முதன்முறை குத்திக்கொண்டோரில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ ஒருவர் இறந்தார். மூன்று முதல் பன்னிருவர் வரை மூளையழற்சிக்கு ஆளாயினர். பெரியம்மையோ தாக்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைக் கொன்ற நோய். எனவே ஊசி தேவையா என்பது இங்கு வினா அன்று. எல்லோர் நலனுக்காகவும் இடப்பட்ட ஊசியின் விலையை ஒருவர் மட்டும் தம் உடலால் செலுத்த நேர்ந்தால் மற்றையோர் அவருக்கு என்ன கடன்பட்டுள்ளனர் என்பதே வினா.

எல்லையும் மொழியும்

1956 நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையைக் கடந்தால் பாறசாலை. இடையில் ஒரு சோதனைச்சாவடி. பாறசாலை, காரோடு, குன்னத்துக்கால், செங்கல் முதலிய ஊர்களில் இன்றும் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்குகின்றன. இப்பகுதியின் பேச்சைக் கேட்கும் ஒருவர் எது தமிழ், எது மலையாளம் எனப் பிரித்தறிய முயல்வதைச் சிறிது நேரத்தில் கைவிட்டுவிடுவார்.

மருத்துவ வரலாற்றிலும் இப்பகுதி தனித்துக் குறிக்கத்தக்கது. இலண்டன் மிஷனரி சங்கத்தின் பணிக்களங்களுள் பாறசாலையும் ஒன்று. அச்சங்கத்தின் மருத்துவப்பணி 1838-இல் அருகிலுள்ள நெய்யூரில் தொடங்கிற்று. 1930-களில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு திருவிதாங்கூர் அரசு பொதுச் சுகாதாரத் துறையை உருவாக்கியபோது அதன் முன்னோடிச் சுகாதார அலகு நெய்யாற்றின்கரையில் அமைந்தது. ஆகவே, அரசின் ஊசி இவ்வூர்களுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த புதுமை அன்று.

அம்மையும் அச்சும்

தென்திருவிதாங்கூர்த் தமிழர் வழக்கில் அம்மைக் கொப்புளம் ‘முத்து’ எனப்படும். முத்தாரம்மன் என்னும் தெய்வப் பெயரும், வில்லுப்பாட்டில் பாடப்படும் முத்தாரம்மன் கதையும் இச்சொல்லோடு தொடர்புடையன. மலையாள வழக்கில் நோய் ‘வசூரி’. நெய்யாற்றின்கரைப் பக்கத்து முடிப்புரைகளில் பத்திரகாளி வழிபாடும் தோற்றம்பாட்டும் நிகழ்கின்றன. நோய்க்கு இருமொழியிலும் தெய்வம் உண்டு. நோயுற்றவர் தெய்வம் இறங்கிய உடலாகக் கருதப்பட்டார். அவருக்கு வேப்பிலையும் இளநீரும் மட்டுமன்றி ஒருவகை மரியாதையும் கிடைத்தது.

எட்வர்ட் ஜென்னர் 1796 மே 14 அன்று பசுவம்மைப் பாலை ஒரு சிறுவனுக்கு இட்டுச் சோதித்தார். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு அது வெற்றியுடன் இடப்பட்டது. அங்கிருந்து குழந்தையின் கையிலிருந்து மற்றொரு குழந்தையின் கைக்கு என்னும் தொடராகவே அப்பால் இந்தியாவெங்கும் சென்றது. திருவிதாங்கூரில் ராணி கௌரி லட்சுமிபாய் ஆட்சியில், கர்னல் மன்றோ ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்தபோது, 1813-இல் இதற்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டது. மக்களின் அச்சத்தைப் போக்க அரச குடும்பத்தினர் முதலில் குத்திக்கொண்டனர் என்று வரலாற்று நூல்கள் கூறும்.

தமிழ்நாட்டில் இது ‘அம்மை குத்துதல்’ எனப்பட்டது; மலையாளத்தில் ‘அச்சுகுத்து’. எல்லைப்பகுதியில் இரண்டும் வழங்கின. இச்சொற்களின் வேறுபாடு கருதத்தக்கது. ‘அம்மை குத்துதல்’ என்பதில் நோயின் பெயர், அதாவது தெய்வத்தின் பெயர், எஞ்சி நிற்கின்றது. ‘அச்சுகுத்து’ என்பதிலோ தோலில் பதியும் தழும்பு மட்டுமே உள்ளது. நெய்யாற்றின்கரைப் பகுதி முதியோர் பலர் தம் மேற்கையிலுள்ள வட்டத் தழும்பை இன்றும் ‘அச்சு’ என்றே காட்டுகின்றனர்.

கைக்குக் கை மாற்றும் முறையில் ஓர் இடர் இருந்தது. பால் கொடுக்கும் குழந்தைக்கு வேறு நோயிருப்பின் அதுவும் உடன் செல்லக்கூடும். 1861-இல் இத்தாலியின் ரிவால்டா என்னும் ஊரில் இவ்வாறு குத்தப்பட்ட 63 குழந்தைகளுள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மேகநோய்க்கு ஆளாயினர். தீண்டாமை நிலவிய திருவிதாங்கூரில் யாருடைய கைப்பால் யாருக்கு என்னும் தயக்கமும் இவ்வச்சத்தோடு கலந்திருக்கும். தயக்கங்கள் அனைத்தையும் ‘சாதி வெறி’ என்றோ ‘மூடநம்பிக்கை’ என்றோ ஒதுக்கிய குடியேற்ற கால எழுத்துகளை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. சிலவற்றில் தீண்டாமை இருந்தது. சிலவற்றில் நியாயமான உடலச்சமும் இருந்தது.

கட்டாயமும் பொறுப்பும்

ஆயில்யம் திருநாள் ஆட்சியில் 1879-இல் வெளியான அரச விளம்பரம் அரசு ஊழியர், மாணவர், சிறைக்கைதிகள் ஆகியோர்க்கு அச்சுகுத்தைக் கட்டாயமாக்கிற்று. அப்போது திவானாக இருந்தவர் நெய்யூரைச் சேர்ந்த நாணுப்பிள்ளை. சம்பளம் பெறுவோர், படிப்போர், சிறைப்பட்டோர் ஆகிய மூவகையினரையும் ஒருங்கிணைப்பது ஒன்றே: அரசின் கைக்கு எட்டும் தூரத்தில் அவர்கள் இருந்தனர். மறுத்தவர் வேலையையோ பள்ளியையோ இழக்க வேண்டும்; கைதிக்கு மறுக்கும் வாய்ப்பே இல்லை.

கட்டாயம் என வந்தபின் கேட்டுக்குப் பொறுப்பும் உடன்வர வேண்டும் என இன்றைய மனம் எதிர்பார்க்கும். அக்காலச் சட்டங்கள் எதிர்த்திசையில் சென்றன. பிரிட்டிஷ் இந்தியாவின் 1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின் நான்காம் பிரிவு, நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட எச்செயலுக்காகவும் எவர்மீதும் வழக்குத் தொடரலாகாது என்றது. மிகச் சிறிய அச்சட்டத்தில் அலுவலரைக் காக்க ஒரு முழுப்பிரிவு இருந்தது. கேடுற்றவரைக் காக்க ஒரு சொல்லும் இல்லை.

ஐந்தாண்டுகளில் அதற்குச் சோதனை வந்தது. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் என்னும் ஊரில், ஹாஃப்கின் உருவாக்கிய பிளேக் தடுப்பூசி 107 பேருக்கு இடப்பட்டது. ஐந்து புட்டிகளுள் ஒன்றிலிருந்து ஊசி பெற்ற 19 பேரும் இசிவுநோயால் இறந்தனர். புட்டி பம்பாய் ஆய்வுக்கூடத்திலேயே மாசுற்றதா, ஊரில் திறக்கும்போது மாசுற்றதா என்பது பல்லாண்டு விவாதமாயிற்று. ஹாஃப்கின் பணியை இழந்தார். ரொனால்ட் ராஸ் முதலிய அறிவியலாளர் 1907-இல் இலண்டன் ‘டைம்ஸ்’ இதழில் அவருக்காக வாதாடினர். அவர்மீதான பழியும் நீங்கிற்று. மருத்துவ வரலாற்று நூல்களில் முல்கோவால் என்பது ஹாஃப்கினுக்கு நேர்ந்த அநீதியின் பெயராகவே நிலைத்துவிட்டது. அந்தப் பத்தொன்பது பேரின் குடும்பங்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. தவறு யாருடையது என்னும் வினா மட்டுமே கேட்கப்படும் இடத்தில், இழந்தவர் பின்னுக்குத் தள்ளப்படுவதை முல்கோவால் நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது.

உதிரப்பட்டியும் தியாக உரிமையும்

பொதுநலனுக்காக உடலை இழந்தவரின் குடும்பத்திற்கு ஊர் கடன்பட்டுள்ளது என்னும் கருத்து தமிழ் மரபுக்குப் புதிதன்று. போரில் பட்ட வீரனின் வழியினர்க்கு நிலம் விடும் வழக்கத்தைக் கல்வெட்டு மரபு ‘உதிரப்பட்டி’ எனக் குறிக்கின்றது. ‘இரத்தமானியம்’ என்னும் சொல்லும் வழங்கியது. இக்கொடையில் நோக்கற்பாலது ஒன்றுண்டு. யார் தவற்றால் அவன் இறந்தான் என்னும் விசாரணை அதில் இல்லை. ஊருக்காகச் செந்நீர் சிந்தியதே போதுமானது. தவறு நிறுவ வேண்டாத இழப்பீடு என்று இன்றைய சட்டவியலார் கூறுவதன் சாயலை இதில் காணலாம். உதிரப்பட்டி போர்வீரனுக்குரியது, ஊசி குத்திக்கொண்ட குழந்தைக்குரியதன்று என மறுப்போர் இருக்கலாம். ஒப்புமை முழுமையானதன்று என்பது உண்மையே. ஆயினும் இரண்டிலும் கடனின் அடிப்படை ஒன்றே.

செருமனியில் இவ்வடிப்படையே சட்டமாயிற்று. பொதுநலனுக்காகத் தனி உரிமையைத் தியாகம் செய்ய நேர்ந்தவர்க்கு அரசு ஈடு தரவேண்டும் என்னும் கொள்கை 1794-ஆம் ஆண்டுப் பிரஷ்யச் சட்டத் தொகுப்பில் உள்ளது. அது நெடுங்காலம் சொத்துக்கே பொருந்தும் எனக் கருதப்பட்டது. கட்டாய அம்மைக் குத்தால் கேடுற்றவர்க்கு இக்கொள்கை பொருந்தாது என 1937-இல் அந்நாட்டு உயர் மன்றம் மறுத்தது. போருக்குப் பின் 1953-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதனை மாற்றி, உடலும் சொத்தைப் போன்றே காக்கப்பட வேண்டியது என ஏற்றது. 1961-இல் தனிச்சட்டம் வந்தது. நிலத்தைப் பறித்தால் ஈடு உண்டு, கை கால் போனால் இல்லை என்னும் நிலை அங்கே அகல ஏறத்தாழ 160 ஆண்டுகள் ஆயின.

பிற நாடுகளின் செய்தி சுருக்கமாக அமையும். பெற்றோர் இயக்கத்தின் விளைவாக பிரிட்டன் 1979-இல் தடுப்பூசிக் கேட்டுக்கான சட்டத்தை இயற்றி, 80 விழுக்காடு ஊனமுற்றோர்க்கு 10,000 பவுண்டு என வகுத்தது. 2002-இல் அவ்வரம்பு 60 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்கா 1986-இல் சட்டமியற்றி, ஒவ்வொரு ஊசியிலும் அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரி விதித்து நிதி திரட்டியது. ஊசி பெறும் எல்லோரும் சிறுதொகை செலுத்தி, கேடுறும் சிலரைத் தாங்கும் ஏற்பாடு இது. நம் ஊர்ச் சீட்டு, மொய் போன்றவற்றை அறிந்தவர்க்கு இதன் தருக்கம் விளங்குவதில் இடர்ப்பாடு இராது.

இந்தியச் சட்டத்தின் இடைவெளி

1956-க்குப் பின் எல்லையின் ஒருபுறம் 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும், மறுபுறம் 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்–கொச்சிப் பொதுச் சுகாதாரச் சட்டமும் நிலவின. பின்னதன் இடத்தில் கேரளம் 2023-இல் புதிய பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கொணர்ந்தது. பெரியம்மை 1975-இல் இந்தியாவை விட்டு நீங்கிற்று. 1980 மே மாதம் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அச்சுகுத்து நின்றது; பிற ஊசிகளும் சொட்டுமருந்தும் தொடர்ந்தன.

சொட்டுமருந்தின் செய்தி தனியே கூறத்தக்கது. வாய்வழிச் சொட்டுமருந்தில் உள்ளது வலுக்குறைந்த உயிருள்ள கிருமி. மிக அரிதாக, பல இலட்சம் முறைகளில் ஒருமுறை, அதுவே வாதத்தை உண்டாக்கும். இதனை மருத்துவ உலகம் மறுப்பதில்லை. இந்தியாவில் கடைசி இயற்கைப் போலியோ 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவாயிற்று. 2014 மார்ச் 27 அன்று நாடு போலியோ நீங்கியதாகச் சான்று பெற்றது. நாடு முழுவதும் பயன்பெற்ற இவ்வெற்றியின் போது சொட்டுமருந்தாலேயே கால் இழந்த ஒரு குழந்தை இருப்பின், அது யாருடைய தவற்றாலும் இழந்ததன்று. மருந்து சரி, கொடுத்தவர் சரி, கொடுத்த முறையும் சரி. தவற்றை நிறுவினால்தான் ஈடு என்னும் சட்டத்தில் அக்குழந்தைக்கு நுழைவாயில் இல்லை.

தவறு நிகழ்ந்த இடத்திலும் வழி எளிதன்று. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, எல்லோர்க்கும் முற்றிலும் இலவசமாக வழங்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் வரையறைக்குள் வாராது. காசு கொடுத்துத் தனியாரிடம் ஊசி போட்டவர் நுகர்வோர் மன்றத்தை நாடலாம். அரசு நிலையத்தில் இலவசமாகப் போட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோதான் நாடவேண்டும். ஏழைக்கே நீண்ட வழி.

வேறு இரு துறைகளில் இந்திய அரசு இக்கடனை ஏற்றுள்ளது என்பதும் கருதத்தக்கது. மருந்துச் சோதனையில் பங்கேற்றுக் கேடுறுவோர்க்கு ஈடு தருவதை 2013-இல் திருத்தப்பட்ட விதிகள் கட்டாயமாக்கின. கருத்தடை அறுவையால் இறப்போர், கேடுறுவோர் குடும்பங்களுக்கான திட்டம், உச்ச நீதிமன்ற ஆணையை அடுத்து 2005-இல் ஏற்பட்டது. அதாவது, ஒரு தடுப்பூசி சோதனை நிலையில் இருக்கும்போது அதனால் கேடுறுபவர்க்கு விதிப்படி ஈடு உண்டு. அதே ஊசி ஒப்புதல் பெற்று ஊர்ச் சுகாதார நிலையத்திற்கு வந்தபின் கேடுறுபவர்க்கு அவ்விதி இல்லை. இம்முரணுக்குத் தக்க விளக்கம் எதனையும் நான் கண்டதில்லை.

விதி இல்லாத இடத்தில் கருணை வரும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தபோது தமிழக அரசு நிவாரணத் தொகை அறிவித்தது. ஊர்தோறும் சென்று ஊசி போடும் முறையை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் போடும் முறைக்கு மாறியது. கேரளத்தில் கொரோனாத் தடுப்பூசிக்குப் பின் கணவரை இழந்த பெண் ஒருவரின் மனுவில், 2022 செப்டம்பரில், அத்தகைய இறப்புகளைக் கண்டறிந்து ஈடு தருவதற்கான நெறிமுறையை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திற்குக் கேரள உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்றது. அதே ஆண்டு நவம்பரில் வேறொரு வழக்கில், ஊசி தன்விருப்பத்தின்பாற்பட்டது, எனவே இறப்புக்கு அரசைப் பொறுப்பாக்க இயலாது, பாதிக்கப்பட்டோர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம் என ஒன்றிய அரசு உரைத்தது. கட்டாயம் எனில் கடன் உண்டு, விருப்பம் எனில் இல்லை என்பது இவ்வாதத்தின் சாரம். ஊசிச் சான்று இன்றி அலுவலகத்திற்குள்ளும் பயணத்திற்கும் அனுமதி மறுக்கப்பட்ட அந்நாட்களை நினைவிற் கொண்டால், 1879-ஆம் ஆண்டு அரச விளம்பரத்தின் மாணவனும் ஊழியனும் எவ்வளவு விருப்பத்தோடு கைநீட்டினரோ அவ்வளவே இவ்விருப்பமும் எனத் தோன்றுகிறது.

எல்லையில் வழங்கும் சொற்கள்

இழப்பீடு என்பதற்கு மலையாளச் சொல் ‘நஷ்டபரிகாரம்’. பாறசாலைத் தமிழரும் அச்சொல்லையே ஆள்வர். களியக்காவிளைக்கு இப்பால் ‘பரிகாரம்’ என்றால் கோள் தோஷத்திற்கும் தெய்வக் குற்றத்திற்கும் செய்யப்படும் கழுவாய். அப்பால் அது நீதிமன்றச் சொல். தமிழ்நாட்டு அரசாணைகளிலும் செய்தித்தாள்களிலும் பெருவழக்காக உள்ள ‘நிவாரணம்’ என்பதோ துன்பத்தை நீக்குதலைக் குறிக்குமேயன்றிக் கடனைத் தீர்த்தலைக் குறிக்காது. புயலுக்கும் நிவாரணம், ஊசிக்கும் நிவாரணம். நிவாரணம் தருபவர் வள்ளல். இழப்பீடு தருபவர் கடனாளி. இவ்வேறுபாட்டை நம் ஆட்சிமொழி அகராதிகள் இன்னும் அழுத்தமாகப் பதிவு செய்தல் வேண்டும்.

வில்லுப்பாட்டுக் கதைகளைத் தொகுக்கும் பொருட்டுப் பாறசாலைக்குக் கிழக்கேயுள்ள ஊர் ஒன்றில் சில நாட்கள் தங்கியிருந்தேன். பாடகரின் அண்டை வீட்டில் நடுவயது மகனுடன் வாழ்ந்த மூதாட்டி ஒருவர், நான் எழுதுவதைக் கண்டு, அரசுக்கு மனு எழுதுபவன் எனக் கருதினார் போலும். மகனின் வலக்கால் சூம்பியிருந்தது. இரண்டு வயதில் காய்ச்சல் வந்ததென்றும், ‘குத்து’ வைத்த மறுநாள் கால் ‘தளர்ந்து போச்சு’ என்றும் கூறினார். “சாறே, இதுக்கு எழுதிக் கொடுத்தா வல்ல சகாயமும் கிட்டுமா?” என்பது அவர் கேட்ட கேள்வி.

அந்தக் குத்து தடுப்பூசியா, காய்ச்சலுக்குப் போட்ட ஊசியா என வினவினேன். அவருக்கு அவ்வேறுபாடு தெரியவில்லை. தெரிந்திருக்க வழியும் இல்லை. இப்பகுதி வழக்கில் இரண்டும் ‘குத்து’ தான். போலியோக் கிருமி உடலில் புகுந்த வேளையில் தசையில் எந்த ஊசியைப் போட்டாலும் அக்காலில் வாதம் கண்டுவிடும் வாய்ப்பு மிகும் என்பது மருத்துவர் அறிந்த உண்மை. தேவையற்ற காய்ச்சல் ஊசிகளால் இந்தியக் குழந்தைகள் பலர் இவ்வாறு கால் இழந்தனர் என்பதை எச்.வி. வையாட் போன்றோர் ஆய்ந்து எழுதியுள்ளனர். எனவே மூதாட்டியின் கூற்றை முற்றிலும் பிழை எனத் தள்ளுதல் இயலாது. தடுப்பூசியே காரணம் எனக் கொள்ளுதலும் இயலாது. தீர்மானிக்க வல்லது ஓர் ஆவணம் மட்டுமே: எந்த நாள், எந்த மருந்து, எந்தத் தொகுதி எண். அப்படி ஓர் அட்டை இருந்ததாகவும், வீடு பிரித்துக் கட்டியபோது போய்விட்டதாகவும் கூறினார்.

தடுப்பூசிக்குப் பிந்தைய கேடுகளை ஆராயும் குழுக்கள் இன்று நிகழ்வுகளைக் காரணத் தொடர்புடையவை, தீர்மானிக்க இயலாதவை, தொடர்பற்றவை, வகைப்படுத்தப் போதிய தகவல் இல்லாதவை எனப் பகுக்கின்றன. அம்மகன் இறுதி வகையிலேயே சேர்வார். ஈடு தரும் திட்டம் எதுவாயினும், பழைய ஆவணம் இல்லாதவர்களை என்ன செய்வது என்னும் வினாவை அது எதிர்கொண்டே ஆகவேண்டும். எல்லைப்பகுதியில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. மணம் முடித்துக் களியக்காவிளைக்கு இப்பால் வந்த பெண்ணின் குழந்தை முதல் ஊசியைத் தாய்வீட்டுப் பக்கத்திலும் அடுத்ததைக் கணவன் வீட்டுப் பக்கத்திலும் பெறும். பதிவேடுகள் இரு மாநிலங்களில், இரு மொழிகளில் இருக்கும்.

மூதாட்டி உள்ளே சென்று பிளாஸ்டிக் உறையில் பொதிந்த ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். மகனின் ஊனச் சான்றிதழ் அது. எந்த உறுப்பு, எத்தனை விழுக்காடு, நிலையானதா என்பன அதில் இருந்தன. நாற்பது விழுக்காட்டுக்கு மேல் என்பதால் சில சலுகைகள் கிடைத்துவந்தன. அவற்றை அவர் ‘ஆனுகூல்யம்’ என்றார். எதனால் என்பதற்கு அத்தாளில் கட்டம் இல்லை. அவருக்காக ஒரு மனுவை எழுதினேன். ‘நஷ்டபரிகாரம்’ என்று தொடங்கி, சற்றே யோசித்து அடித்துவிட்டு, அவர் கேட்டபடியே ‘சகாயம்’ என எழுதிக் கொடுத்தேன். அன்று அடித்த அந்தச் சொல்லே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.